ஒலியின் வேகம்: அடர்த்தியின் மேல் பழி போடாதீர்கள்

ஒலி வாயுவில் மெதுவாகப் போகும், திரவத்தில் வேகமாகப் போகும், திண்மத்தில் பெரும்பாலும் அதைவிட வேகமாகப் போகும். இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். "திண்மத்தில் துகள்கள் நெருக்கமாக இருக்கின்றன, அடர்த்தி அதிகம், அதனால் வேகம் அதிகம்" என்று பதில் வரும். துகள்களைப் புள்ளி புள்ளியாக நெருக்கி வரைந்து காட்டும் படங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பாதரசத்தைப் பாருங்கள். நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. அடர்த்திதான் காரணம் என்றால் அதில் ஒலி பறக்க வேண்டுமே? பாதரசத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1450 மீட்டர். நீரிலோ சுமார் 1480. ஹைட்ரஜன் கதை இன்னும் வேடிக்கை. காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசான அந்த வாயுவில், காற்றில் போவதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஒலி போகிறது.

அடர்த்தி உண்மையில் ஒலியை இழுத்துப் பிடிக்கிற ஆள். கனமான துகளை அசைக்க நேரம் பிடிக்கும். ஒலியை முன்னால் தள்ளுவது விறைப்பு, அதாவது அழுத்தினால் அந்தப் பொருள் எவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளுகிறது என்பது. விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். எஃகு நீரைவிட எட்டு மடங்கு அடர்த்தி என்றாலும், விறைப்பில் நூறு மடங்கு அளவுக்கு முன்னால் நிற்கிறது. அதனால்தான் அதில் ஒலி நொடிக்கு 5000 மீட்டரைத் தாண்டுகிறது.

விறைப்பைக் கணக்கில் எடுத்த நியூட்டனே சறுக்கியிருக்கிறார். காற்றில் ஒலியின் வேகத்துக்கு 1687-இல் அவர் வெளியிட்ட கணக்கு, உண்மையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக வந்தது. காற்று நெருங்கும்போதும் விரியும்போதும் வெப்பநிலை மாறாது என்று அவர் வைத்துக்கொண்டதுதான் பிழை. ஒலியின் அதிர்வு வேகத்தில், உண்டாகும் வெப்பம் வெளியேற நேரமே இருக்காது, அதனால் காற்று அவர் நினைத்ததைவிட விறைப்பாகத் திருப்பித் தள்ளுகிறது. 1816-இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் இதைத் திருத்தினார்.

வாயுவில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஒலி மெதுவாகப் போகும் என்பார்கள். மெதுவாகப் போவது சரி, காரணம் தப்பு. அழுத்தம் குறையும்போது வாயுவின் விறைப்பு குறைகிறது, ஆனால் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைந்து கணக்கு நேராகிவிடுகிறது. வேகத்தைக் குறைப்பது அங்குள்ள குளிர். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும்.

சரி, ஒலி காற்றிலிருந்து நீருக்குள் நுழைந்தால் என்ன மாறும்? அதிர்வெண் மாறும் என்று எழுதிவிடாதீர்கள். அது ஒலி மூலத்தின் சொத்து, மாறாது. அலைநீளம்தான் நாலு மடங்குக்கு மேல் நீள்கிறது. அப்புறம், நீரில் ஒலி வேகமாகப் போகிறது என்பதால் கரையில் கத்துவது உள்ளே நன்றாகக் கேட்கும் என்றும் நினைக்க வேண்டாம். நேராக வந்து விழும் ஒலி ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மற்றதெல்லாம் மேற்பரப்பிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடும்.

ஒலிக்குச் சொன்னதை ஒளிக்கும் பொருத்துவது அடுத்த தவறு. ஒளிக்கு ஊடகமே தேவையில்லை. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளி, நீரில் சுமார் 2.25 லட்சமாகவும் சாதாரணக் கண்ணாடியில் சுமார் 2 லட்சமாகவும் தளர்கிறது.

எல்லா அலையும் எல்லா நிலையிலும் போகும் என்பதும் சரியல்ல. நிலநடுக்கத்தில் எழும் எஸ் அலைகள் குறுக்கலைகள், அதாவது அலை போகும் திசைக்குக் குறுக்கே பொருளை அசைப்பவை. அவற்றுக்குப் பக்கவாட்டில் நெளிந்தால் மீளும் பொருள் வேண்டும். திரவம் நெளிந்தால் நெளிந்ததுதான், மீளாது. நீரின் மேல் அலை எழுகிறதே என்று கேட்கலாம். அது ஈர்ப்பு விசையும் பரப்பு இழுவிசையும் மேற்பரப்பில் காட்டும் வேலை. உள்ளே அப்படி எதுவும் நடக்காது. சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் பூமியின் வெளிக்கருவை, அதாவது மையக் கருவின் வெளி அடுக்கை, எஸ் அலைகளால் கடக்க முடியவில்லை. அது திரவம் என்பதற்கு இதுவே முக்கியமான சான்று.