கார் டயரில் காற்று பார்ப்பது எப்படி? டயர் ஆறிய பிறகு அளவெடுங்கள்

நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து இறங்கியதும் டயரில் கேஜ் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வைத்தேன். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டியது. காற்று கூடிவிட்டது என்று நினைத்து நான்கு டயரிலும் இறக்கி 33-க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் 29. நானே கையால் காற்றைக் குறைத்துவிட்டு, அதே டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்ப இருந்தேன்.

முதலில், டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்ற எண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் இருக்கும். முன், பின் டயர்களுக்கு எண் மாறலாம். முழுச் சுமைக்குத் தனி எண்ணும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயருக்கான உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள்.

அடுத்து, டயர் ஆறட்டும். நான் தவறியது இங்கேதான். ஓடும்போது டயர் நசுங்கி நிமிர்ந்து சூடாகிறது. உள்ளே அடைபட்ட காற்றும் சூடாகி அழுத்தம் ஏறுகிறது. ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும். ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. ஓடும்போது ஏறப்போவதையும் கணக்கில் வைத்தே கொடுத்திருக்கிறார்கள். அதனால் சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் அதிகம் மடங்கும், மடங்க மடங்க இன்னும் சூடேறும், வேகத்தில் வெடிக்கவும் கூடும். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகட்டும். நான் காலையில், வெயில் டயரில் படும் முன்பே பார்த்துவிடுகிறேன்.

சரி, வழியில் பார்க்க நேர்ந்து, சூடான டயரே ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே காட்டினால்? அந்த எண் வரை அடித்துக்கொள்ளுங்கள், ஆறியதும் மறுபடி பாருங்கள்.

அளப்பது. வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்துங்கள். உஸ் என்று காற்று கசிந்துகொண்டே இருந்தால் சரியாக உட்காரவில்லை. இரண்டு முறை ஒரே எண் வந்தால் நம்பலாம். பேனா வடிவ கேஜில் கோடுகளைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். டிஜிட்டல் கேஜே என் தேர்வு. எதுவானாலும் எப்போதும் அதே கேஜைப் பயன்படுத்துங்கள். 12 வோல்ட் காற்று பம்ப் ஒன்றும் வாங்கி வைத்தால், ஆறிய டயருக்கு வீட்டிலேயே அடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் மூடியைப் போட மறக்காதீர்கள், வால்வுக்குள் தூசி போகும்.

பழுதில்லாத டயரிலும் மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவுக்குத் தானாகவே குறையும். அதனால் மாதம் ஒருமுறை பாருங்கள். காற்று குறைவாகவே ஓடிய டயர் இரண்டு ஓரமும் தேயும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அதிகமாக அடித்த டயர் நடுவில் தேயும், சாலையைப் பிடிக்கும் பரப்பும் குறையும்.

பின்சேர்க்கை: டயரில் காற்று குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு காரில் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல கார்களில் கால்வாசி அழுத்தம் குறைந்த பிறகுதான் அது எரியும். 33 இருந்த டயர் 25-க்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டெப்னியையும் பாருங்கள்; ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ வேண்டும், அதன்மேலேயே எழுதியிருக்கும். ஒரே ஒரு டயரில் மட்டும் அடிக்கடி குறைந்தால் வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு பின்னை (வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் சிறு ஊசி) மாற்றினாலே பல நேரம் சரியாகிவிடும். வராவிட்டால் டயரில் ஆணி ஏறியிருக்கலாம், பஞ்சர் பார்ப்பவரிடம் காட்டுங்கள்.