வீட்டு வைஃபை அடிக்கடி துண்டிக்கப்பட்டால் எங்கிருந்து தொடங்குவது?

வைஃபை தடைப்பட்டவுடன் பெரும்பாலானோர் இணையச் சேவை நிறுவனத்திடம் புகார் செய்கிறார்கள்; இல்லையெனில் கூடுதல் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுகிறார்கள். கோளாறு வெளியிலிருந்து வரும் கேபிளில் இல்லாமல் வீட்டுக்குள் பரவும் அலையில் இருந்தால், இவ்விரண்டாலும் பயனில்லை. ஆகவே, முதலில் மடிக்கணினியை ஈத்தர்நெட் கேபிள் மூலம் ரௌட்டருடன் நேரடியாக இணைத்து, வழக்கமாகத் தடங்கல் வரும் நேரத்தில் அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். அப்போதும் துண்டிக்கப்பட்டால் புகார் செய்வதே சரி. கேபிளில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் தடுமாறினால், மேற்கொண்டு படியுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அலைநெரிசலைத்தான். வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. இவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், உள்ளன. அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான் உண்டு. ஆனால் ரௌட்டரின் அலையோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. எனவே, ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவையாக 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களையே வழக்கமாகக் கொள்கிறார்கள். அண்டை வீட்டார் 1-லும் 6-லும் இருக்கிறார்கள் என்பதற்காக இடையில் உள்ள 3-ஐத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் தவறு. ஒரே சேனலில் உள்ள ரௌட்டர்கள், ஒன்று அனுப்பி முடிக்கும்வரை மற்றொன்று காத்திருந்து முறைவைத்து இயங்கும். பாதி மட்டும் மேற்பொருந்தும் சேனலிலிருந்து வருவதோ வெறும் இரைச்சலாகவே சேரும்.

கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால், எந்தச் சேனலில் எத்தனை ரௌட்டர்கள் எவ்வளவு வலுவாக இயங்குகின்றன என்பது தெரியும். பிறகு ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் திறந்து, அந்த மூன்றில் நெரிசல் குறைந்த சேனலை நீங்களே தேர்ந்தெடுங்கள். சேனல் அகலத்தை 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள்; உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் இணைப்பு நிலைத்து நிற்பதே முக்கியம்.

மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் என்பது பலருக்கும் தெரியும். பலரும் சந்தேகிக்காதது யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கைத்தான். அதன் கேபிளும் இணைப்பு முனையும் வெளிவிடும் இரைச்சல் இந்த அலைவரிசையையும் பாதிக்கிறது என்பதை 2012-இல் இன்டெல் நிறுவனமே ஆவணமாக வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ்கள் பலவும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன; எனவே டிஸ்க்கைச் செருகியதும் மவுஸ் திணறினால், டிஸ்க்கைக் கணினியிலிருந்தும் ரௌட்டரிலிருந்தும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் பெரிதும் குறையும். ஆனால் அந்த அலை சுவர்களைக் கடக்கும்போது விரைவாக வலுவிழக்கும். ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் போன்ற பல கருவிகளுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதால், அவை இணைய மறுத்தால் இரு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் சூட்டிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலையை உணர்ந்தால் ரௌட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும். காரணமின்றித் திடீர் திடீரென இணைப்பு அறுந்தால், 36 முதல் 48 வரையிலான ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

ரௌட்டரைப் பரணிலோ டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் அருகிலோ வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். ரௌட்டரின் அலையை வாங்கி மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர் கருவியை வாங்கினால், அலை எட்டாத அறையில் அதை வைப்பதால் பயனில்லை. அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில்தான் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், அதற்கு முன் டிவிக்கும் மேசைக் கணினிக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள் என்பேன். இடம்பெயராத கருவி ஒவ்வொன்றும் அலையை விட்டு விலகும்போது, அந்த இடம் கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்குக் கிடைக்கிறது.