ஸ்கோலியோசிஸ் பிரேஸ்: வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து

ஸ்கோலியோசிஸ் என்றால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது. அதற்கு அணியும் பிரேஸ், பார்வைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு. அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பைக் கவ்வி முடியும். கட்டில்மேல் வைத்ததும் என் மகள் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி நான் ஆமையா?" என்று கேட்டாள். யாருக்கு பிரேஸ் தேவை, எத்தனை மணி நேரம் அணிய வேண்டும் என்பதெல்லாம் மருத்துவரின் முடிவு. அந்த முடிவோடு வீடு திரும்பிய பிறகு என்ன செய்வது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எக்ஸ்ரே சொல்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

அறிக்கையில் 'காப் கோணம்' என்று ஓர் எண் இருக்கும். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையிலான கோணத்தை அளக்கிறார்கள். 10 பாகையும் அதற்கு மேலும் ஸ்கோலியோசிஸ். 25 முதல் 40 வரை இருந்து, பிள்ளைக்கு வளர்ச்சியும் மிச்சமிருந்தால் பொதுவாக பிரேஸ். 45, 50 என்று தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வரும். வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டுவது 'ரிஸ்ஸர்' எண். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்த்து 0 முதல் 5 வரை குறிக்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் வளர இன்னும் காலம் இருக்கிறது, வளைவு கூடவும் வாய்ப்பு இருக்கிறது.

பிரேஸ் முதுகை நேராக்கிவிடும் என்று நம்பித்தான் நான் வாங்கினேன். அதன் வேலை அதுவல்ல. வளர்ச்சி முடியும்வரை வளைவு கூடாமல் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. இதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உள்பனியன்

உடம்போடு ஒட்டிய, பிரேஸைவிட நீளமான பருத்தி பனியன் வேண்டும். பக்கவாட்டில் தையல் இல்லாததாகப் பாருங்கள். அந்தத் தையல்தான் இரவெல்லாம் தோலை அறுக்கும். பிரேஸை மாட்டியதும் பனியனைக் கீழே இழுத்துச் சுருக்கம் நீக்குங்கள். ஜட்டியை பிரேஸுக்கு மேலே அணிவது நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் மொத்தத்தையும் கழற்ற வேண்டியிருக்கும்.

மாட்டுவது

சில பிரேஸ்கள் முன்பக்கம் திறக்கும், சில பின்பக்கம். நுழையும் அளவுக்கு மட்டும் விரித்து, பிள்ளையைப் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வரச் சொல்லுங்கள். உள்ளே இடுப்புக்கென்று குழிவாக ஒரு வளைவு இருக்கும். அது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டதா என்பது கைக்குத் தெரியும்: பிரேஸை மேலும் கீழும் அசைத்தால் நகராது. முன்பக்கம் திறப்பதென்றால் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொண்டால் பட்டைகளை இழுப்பது எளிது. எந்தப் பட்டையை முதலில் இழுப்பது என்பதை பிரேஸ் செய்து தந்தவரிடமே கேட்டு, பட்டைகளில் எண் எழுதி வையுங்கள்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். பிள்ளை முகம் சுளித்ததும் மனம் கேட்காமல் பட்டையைச் சற்றுத் தளர்த்திவிட்டேன். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. பிறகு பரிசோதனைக்குப் போனபோது, பிரேஸ் செய்தவர் ஒன்றும் சொல்லாமல் பட்டையை இழுத்துக் கட்டி, அது முடிந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். நான் கட்டி வந்த இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே இரண்டு விரல் அகலம் இருந்தது. தளர்ந்த பிரேஸ் வளைவையும் தள்ளாது, மேலும் கீழும் நழுவித் தோலையும் உரசும். முதல் நாளே கோடு போடச் சொல்லிக் கேளுங்கள்.

நேரத்தைக் கூட்டுவது

முதல் நாளே முழு நேரமும் வேண்டாம். ஒன்றிரண்டு மணி நேரம் அணிந்து, கழற்றித் தோலைப் பார்த்து, மறுபடி அணிந்து, இப்படியே ஓரிரு வாரங்களில் சொன்ன நேரத்தை எட்டலாம். இரவுத் தூக்கத்தைக் கடைசியாகச் சேர்ப்பது எங்களுக்குச் சரிப்பட்டது.

நேரத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 பாகையைத் தொடவில்லை. அணியாதவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்ப உணரி வைத்து நேரத்தையும் அளந்தார்கள். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். பிரேஸே இல்லாமல் ஏறக்குறையப் பாதிப்பேர் தப்பியதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளை எந்தப் பாதியில் இருக்கிறாள் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லையே!

நாள்காட்டியில் நேரத்தை எழுதுங்கள், பிள்ளையின் கையாலேயே. குளியல், விளையாட்டு, உடற்பயிற்சி இவற்றுக்குக் கழற்றலாம். அணியும் நேரம் கரைவது அங்கல்ல, குளித்துவிட்டு "கொஞ்ச நேரம் கழித்து" என்று உட்காரும்போதுதான்.

தோல்

கழற்றியதும் தோல் சிவந்திருக்கும். அரை மணி நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டாலோ, எலும்புமேட்டில் அழுத்தியிருந்தாலோ பிரேஸைத் திருத்த வேண்டும். கொப்புளமோ புண்ணோ வந்தால் கழற்றி வைத்துவிட்டு உடனே அழைத்துச் சொல்லுங்கள். பிரேஸுக்கு அடியில் களிம்பும் பவுடரும் வேண்டாம். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது என்று பிள்ளை சொன்னால், விளிம்பு ஒரு நரம்பை அழுத்துகிறது என்று பொருள். விளிம்பைச் சற்றுச் செதுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மறுபரிசோதனை

பிரேஸ் கிடைத்த சில வாரங்களில், அதை அணிந்தபடியே ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்போது வளைவு எவ்வளவு குறைந்து தெரிகிறது என்று கேளுங்கள். பாதியளவு குறைந்தால் நல்ல பொருத்தம். பிறகு நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பிள்ளை வளர வளர பிரேஸ் சிறிதாகிவிடும், புதிதாகச் செய்ய நேரலாம். சில பரிசோதனைகளுக்கு முந்தின நாளே கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்று நேரம் வாங்கும்போதே கேட்டு, நாள்காட்டியில் எழுதிவிடுங்கள். நாங்கள் ஒருமுறை கேட்க மறந்து, பிரேஸோடு போய் நின்று, திரும்பி வந்தோம்.