அம்பருக்குள் ஒரு சிற்றுண்ணி: புதிய இனமாக விவரிப்பது எப்படி?

பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் அம்பரில், அதாவது கல்லாக இறுகிப்போன பழங்கால மரப்பிசினில், தூசு மாதிரி ஒரு புள்ளி தெரிகிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்கள் இருக்கின்றன என்றால் அதை விட்டுவிடாதீர்கள். மூன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்து ஆறு கால்தான் என்றாலும் பூச்சி என்று ஒதுக்கக் கூடாது, சிலந்திக்கு உறவான, வளர்ந்தால் எட்டுக் கால் வரும் சிற்றுண்ணியின் லார்வாவுக்கும் ஆறு கால்தான்.

முதலில் அது அசல் அம்பர்தானா என்று பாருங்கள். இனி கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக்குகள் மூழ்கும். ஆனால் இளம் பிசினான கோபலும் மிதக்குமே, அதனால் ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள், பிசுபிசுத்தால் அது அம்பர் இல்லை. உண்ணி இருக்கும் பக்கம் வேண்டாம்.

அடுத்தது தேய்ப்பது. என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் வாட்டர் பேப்பரில் 600, 1200, 2500 என்று படிப்படியாக ஏறுங்கள், எப்போதும் தண்ணீரோடு, கையால் மட்டும். சூடேறினால் அம்பர் விரிசல் விடும். உண்ணியின் முதுகுப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு தட்டையான ஜன்னல்கள் வர வேண்டும், ஏனென்றால் நுண்ணோக்கியில் கீழிருந்து வரும் ஒளி அதற்குள் நேராகப் போக வேண்டும். பத்துத் தடவை தேய்த்தால் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். கால் நுனி மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் அந்த நகம் போனது போனதுதான், உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதி இல்லாமல்கூட இருக்கலாம்.

சரி, ஜன்னல் தயார். கெட்டியான சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு விட்டு மேலே கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டை வையுங்கள். அம்பரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, தண்ணீருடையது 1.33, பாகு அம்பருக்கு இன்னும் நெருங்கி வருவதால் கீறல்களெல்லாம் மறைந்து மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது வரையுங்கள். புகைப்படம் மட்டும் போதாது, ஒவ்வொரு ஆழத்திலும் குவியத்தை மாற்றி மாற்றிப் பார்த்து வரைகிற கைதான் எந்த மயிர் எங்கே முளைக்கிறது என்று கண்டுபிடிக்கும். ஒரிபாட்டிட் என்னும் சிற்றுண்ணி வகை என்றால் முன்னுடலின் இரு பக்கமும் உள்ள குழிகளில் ஒவ்வொன்றிலும் ஓர் உணர்மயிர் நிற்கும். அது நூல் மாதிரியா, சீப்பு மாதிரியா, நுனி தடித்த கதாயுதம் மாதிரியா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அப்புறம் நீள அகலங்கள், மைக்ரோமீட்டரில். பால்டிக் அம்பரில் இருந்த ஒரு சிலந்தியின் மேல் ஒட்டியிருந்த உண்ணி 176 மைக்ரோமீட்டர்தான், அதை எக்ஸ்ரே சிடி ஸ்கேன் வைத்துத்தான் முழுதாகப் பார்த்தார்கள்.

வரைந்து முடித்ததும் ஒப்பிட வேண்டும். அம்பர் உயிர்கள் பற்றி கோக், பெரென்ட் என்னும் ஆய்வாளர்கள் எழுதி 1854இல் வெளியான பழைய விவரணைகளில் தொடங்கி, இன்று உயிரோடிருக்கும் இனங்கள் வரை பாருங்கள். நெருங்கிய இனங்களிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்று நாலு வரியில் சொல்ல முடியவில்லையா, பெயர் வைக்காதீர்கள்.

சொல்ல முடிந்தால், லத்தீன் எழுத்தில் ஒரு பெயர், எந்தத் துண்டு ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி, என்ற தெளிவான குறிப்பு, ஆய்விதழில் கட்டுரை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் வேண்டும். வலைப்பதிவில் போட்ட பெயர் செல்லாது, அதனால் கட்டுரை வரும்வரை பெயரை வெளியே சொல்லாதீர்கள். ஹோலோடைப்பை வீட்டு அலமாரியில் வைக்காமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அவர்கள் தரும் எண்ணைக் கட்டுரையில் எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் படத்தைச் சந்தேகித்தால் அந்த எண்ணைச் சொல்லித்தான் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.