720 நானோமீட்டர் ஃபில்டரில் அகச்சிவப்புப் படம் எடுப்பது

720 நானோமீட்டர் ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்து, அகச்சிவப்பை உள்ளே விடும். முதலில் உங்கள் கேமரா அகச்சிவப்பைப் பார்க்கிறதா என்று சோதியுங்கள். டிவி ரிமோட் அகச்சிவப்பை வெளியிடும்; அதை லென்ஸுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்தினால், திரையில் ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தாலும் போதும். சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால்தான் எக்ஸ்போஷர் (ஒளியை வாங்கும் நேரம்) நீளமாகிறது. டிரைபாட் இல்லாமல் முடியாது.

720 ஃபில்டர் கண்ணுக்குக் கிட்டத்தட்ட கறுப்பு. ஆகவே ஃபிரேமையும் ஃபோகஸையும் அதை மாட்டுவதற்கு முன்பே முடித்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு ரிங்கை அசைக்காமல் ஃபில்டரைத் திருகுங்கள். அகச்சிவப்பு குவியும் இடம் சற்று விலகும். லென்ஸ் துவாரத்தை எஃப்/8-இல் வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். பழைய லென்ஸ்களில் இதற்கென்றே சிவப்புக் குறி இருக்கும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப்/8, 15 விநாடியில் தொடங்கி, ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள், பின்வழியே ஒளி கசியும். காற்றடித்தால் இலைகள் கலங்கும்.

நடுவில் வெளுத்த வட்டம் விழுகிறதா? அது ஹாட் ஸ்பாட்; லென்ஸின் உட்பூச்சு அகச்சிவப்பைப் பிரதிபலிப்பதால் வருவது. துவாரத்தைச் சுருக்கச் சுருக்க மோசமாகும். எஃப்/5.6-க்குத் திறந்து பாருங்கள். போகாவிட்டால் லென்ஸை மாற்றுவதே நல்லது, எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்குவது பெரும்பாடு.

கட்டாயம் ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். வெயில் படும் புல்லை வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சமன்) அமைத்தால் இலைகள் வெளுக்கும், வானம் பழுப்பாகும். எடிட்டிங்கில் சிவப்பு, நீல சேனல்களை (நிற அடுக்குகளை) இடம் மாற்றினால் வானம் நீலமாகிவிடும்.