விசாரணை நடுவே நீதிமன்றத்தை மாற்றக் கேட்பதா, வேண்டாமா?

சென்னை பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றியுள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில், சாட்சி விசாரணை பாதி நடந்த நிலையில், "இந்தக் கோர்ட்டில் நமக்கு நியாயம் கிடைக்காது, வேறு கோர்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்" என்று கட்சிக்காரர் கேட்பது அன்றாடம் நடப்பது. ஒரு காலத்தில் இதே வளாகத்தில் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த 9 பேர் கொண்ட ஜூரி அமர்ந்து கொலை வழக்குகளைக் கேட்டது. அந்த ஜூரியை நடுவில் கலைத்தால் புதிய ஜூரிக்கு முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். இன்று ஜூரி இல்லை. வழக்கை மாற்றினாலும் பதிவான சாட்சியம் வீணாவதில்லை. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 365ஆவது பிரிவின்படி, வழக்கைப் பெறும் நீதிபதி அதை வைத்தே தொடரலாம். ஆனால் சாட்சி எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். உங்கள் குறுக்கு விசாரணை நன்றாக அமைந்திருந்தால் அது உங்களுக்குத்தான் இழப்பு.

முதலில், அச்சத்துக்கான காரணத்தைத் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது, கேள்வி அனுமதிக்கப்படவில்லை, வாய்தா தரவில்லை என்பவை மட்டுமே அதில் இருந்தால் நீதிமன்றத்தை மாற்றக் கேட்கும் மனுவை மறந்துவிடலாம். தவறான உத்தரவுக்கு வழி மேல்முறையீடோ சீராய்வோதான். கட்சிக்காரரின் மனத்தாங்கலோ வசதியோ போதாது, நியாயமான விசாரணையே கிடைக்காது என்ற வலுவான நிலை வேண்டும் என்பதை 1979இல் மேனகா காந்தி வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தெளிவாக்கிவிட்டார்.

அடுத்து, குறையை அதே நீதிமன்றத்தில் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். என் கணிப்பில் பெரும்பாலான மாற்று மனுக்கள் இந்த இடத்திலேயே தேவையற்றவை ஆகிவிடும். தாழ்வாரத்தில் சாட்சி மிரட்டப்பட்டால் சாட்சிப் பாதுகாப்பு கேட்கலாம்; முக்கியக் கேள்வி விடுபட்டால் 348ஆவது பிரிவில் சாட்சியை மீண்டும் அழைக்கலாம். சரிசெய்ய முடியாத நிலைக்கு ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு எடுத்துக்காட்டு. ஆட்சி மாறியபின் 76 சாட்சிகள் மீண்டும் அழைக்கப்பட்டுப் பலர் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்தும், அரசுத் தரப்பு அதைத் தட்டிக்கேட்கவில்லை. வழக்கு நடத்த வேண்டியவரே நடத்தாதபோது சென்னையில் எந்த நீதிபதி அமர்ந்தாலும் பயனில்லை என்பதால், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது.

இரண்டையும் தாண்டிய காரணம் இருந்தால், சென்னைக்குள்ளேயே மாற்றுவதற்கு 448ஆவது பிரிவில் முதன்மை அமர்வு நீதிபதியிடம்தான் முதலில் போக வேண்டும்; அங்கே தள்ளுபடியான பிறகே 447ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம். பிரமாணப் பத்திரம் கட்டாயம். குற்றம்சாட்டப்பட்டவர் மனுச் செய்தால், அந்த மனு விசாரணைக்கு வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்பு போயிருக்க வேண்டும். வீண் மனு என்று கண்டால் எதிர்த்தவருக்கு இழப்பீடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மனுப் போட்டதாலேயே வழக்கு விசாரணை நிற்காது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அந்தத் தடை கிடைத்தாலும் காவல் நீட்டிப்பு தொடரும் என்பதையும், ஜாமீன் கிடைக்காத மகன் அதுவரை புழல் சிறையில்தான் இருப்பான் என்பதையும், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.