மணமுறிவுக் கதையை வாசிக்கும் முறை

பழைய சிறுகதைகளில் மணமுறிவு என்ற சொல்லையே தேடிப் போனால் பெரும்பாலும் ஏமாற்றந்தான் மிஞ்சும். ஆகவே, கதை வெளிவந்த ஆண்டை முதலில் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டில் சட்டம் கதைநாயகிக்கு எந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது என்று பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ 1943இல் வந்தது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு மணமுறிவுச் சட்டம் 1949இல்தான் வந்தது. இந்து திருமணச் சட்டமோ 1955இல். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது ராமன் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாளே, வேறு வழி இல்லாத ஒருத்தி வீட்டைவிட்டுப் போன விதமாகவே அதை நான் வாசிக்கிறேன்.

நம் குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வசதி உண்டு. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூர் வழக்கங்களில் ஊறிய மண் இது. தாய்வழியே சொத்து இறங்கும் மருமக்கள்வழிக் குடும்பங்களில், மணத்தைத் தீர்த்துக்கொள்வதைக் குறிக்க ‘ஒழிமுறி’ என்ற சொல் புழங்கியது. அதை அறிந்த முதியவர் வீட்டில் இருந்தால் கேட்டு வையுங்கள். தீர்த்துக்கொண்டு தாய்வீடு திரும்பியவளும் அங்கே குடும்பத் தலைவரான காரணவருக்குக் கீழேதான் இருந்தாள் என்பதையும் மறவாதீர்கள்.

அடுத்து, கதை யார் கண் வழியே நகர்கிறது என்று பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் எடித் வார்ட்டன் 1904இல் எழுதிய ‘தி அதர் டூ’ கதையில் ஆலிஸ் இரண்டு முறை மணமுறிவு பெற்றவள். ஆனால் நாம் அவளை மூன்றாம் கணவனின் பார்வையில் மட்டுமே காண்கிறோம். ஓர் இரவு உணவுக்குப்பின் அவள் அவனுடைய காபியில் தன்னையறியாமல் பிராந்தியை ஊற்றிவிடுகிறாள். அது அவனுடைய வழக்கமன்று, இரண்டாம் கணவனுடைய வழக்கம். அவன் திடுக்கிடுகிறான், அவள் முகம் சிவக்கிறது. அவள் மனத்தில் என்ன ஓடியது என்று கதை சொல்வதில்லை. அந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, அதே இரவை அவள் வாய்மொழியாக அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள். கதை பாதி பிடிபடும். வார்ட்டன் தம் கணவரிடமிருந்து மணமுறிவு பெற்றது 1913இல். கதை அதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தையது என்பதால், அவருடைய வாழ்க்கையை இதற்குள் திணிக்க வேண்டாம்.

கடைசியாகச் சொத்து. தக்கலையில் வார்ட்டனின் இக்கதையைச் சேர்ந்து வாசித்தபோது, முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, “அந்த வீடு யாருக்க பேர்ல கிடக்கு?” என்று கேட்டார். மறுபடியும் பக்கங்களைப் புரட்டினோம். முடிவில் மூன்று ஆண்களுக்கும் ஆலிஸ் தேநீர் தருகிற அந்த நூலக அறை, மூன்றாம் கணவனுடையது.